சண்முகத்தாயின் விசில்

அச்சங்குளத்துச் சண்முகத்தாய்க்குப் புறணி பேசத் தெரியாது, யாரையும் வைதது கிடையாது. கெட்ட பழக்கம் என்று ஒன்றே ஒன்றுதான். தியேட்டரில் விசில் அடிப்பாள். வெம்பக்கோட்டை அணைக்கரையில் ஆடு மேய்த்த வயதில் தொற்றிக்கொண்டது. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து ஊதினாள் என்றால் நடுவில் உடையாமல் ஒரே நீளமாகப் போகும். பட்டாசு ஆலையில், ஊர்ப்பேச்சில் பட்டாசு ஆபீசில், வேலைக்குச் சேர்ந்த பிறகும், படம் மாறினால் சாத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவாள். பொம்பளை விசிலுக்கு ஆம்பளைகள் எழுந்து நின்று திரும்பிப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மகள் ரோஜாவுக்கு மணிமுத்துவைப் பேசியபோதுதான் சோதனை வந்தது. மாப்பிள்ளையின் தாய் இருளம்மாள் வேறொரு ஆபீசில் திரி வைப்பவள். கறாரான மனுஷி என்று பேர். சரி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து இன்னும் வந்தபாடில்லை. எல்லாருமாக ஒரு படத்துக்குப் போவோம் என்று அவளே கூப்பிட்டுவிட்டாள். மணிமுத்து மேல் உயிரையே வைத்திருந்த ரோஜா, பஸ் ஏறுமுன் தாயின் இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, இன்னைக்கு மட்டும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நீ விசில் அடிச்சே, எனக்குக் கல்யாணமும் இல்ல, உனக்கு மகளும் இல்ல.”

ஹீரோ திரையில் வந்தார். தியேட்டர் அலறியது. சண்முகத்தாய் முழு முறுக்கை வாயில் திணித்துக்கொண்டாள். குத்துப்பாட்டு வந்தபோது கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருளம்மாள், வெடிமருந்துக்குப் பக்கத்தில் செருப்பு ஆகாது என்ற ஆபீஸ் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, சோளப்பொரியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பட்டாசு குடோன் வந்தது. வில்லன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறான். பார்ப்பவர்களில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்காரர்கள்; ஒருவரும் மூச்சுவிடவில்லை. வில்லன் பீடியைச் சுண்ட, எங்கிருந்தோ வந்த ஹீரோவின் கை அதை அந்தரத்தில் பிடித்தது. விரல்கள் எப்போது வாய்க்குப் போயின என்று சண்முகத்தாய்க்கே தெரியாது.

ஆபீசில் பொறி கண்டால் போர்மேன் இப்படித்தான் ஊதுவார், நீளமாக ஒரே ஊது. கேட்டதும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். செருப்பைத் தேடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. முதலில் எழுந்தது இருளம்மாள்தான். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் காலியானது. படம் பார்க்க ஹீரோவும் வில்லனும்தான் மிச்சம்.

ரோஜா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சண்முகத்தாய், சம்பந்தக்காரியின் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசல் வேப்பமரத்தடியில் வெறுங்காலோடு ஒரு கூட்டமே நின்றது. இருளம்மாளுக்கு இரைத்தது. மற்ற விதியை எல்லாம் மதித்தவள், பொரிப் பொட்டலத்தை மட்டும் போட்டிருக்கவில்லை.

“விசில் அடிச்சது யாரு மதினி?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சண்முகத்தாய் செருப்பைக் கீழே வைத்தாள்.

“நாந்தான் மதினி. எம்மக மேல கோவப்படாதீக.”

இருளம்மாள் அவளையும் அந்த இரண்டு விரல்களையும் பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கடைசியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் ஆபீஸ் போர்மேனுக்குக்கூட இம்புட்டுச் சுத்தமாக வராது என்றாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் கறாரானாள்.

“வெள்ளிக்கிழம பூ வைக்க வாரோம். ஆனா, தாலி கட்டுற நேரம் விரல வாய்க்குக் கொண்டு போயிராதீக, மதினி. எங்க சனம் பூராம் பட்டாசு ஆபீசு. பந்தல்ல மேளக்காரரு மட்டுந்தான் நிப்பாரு.”