காய்க்கடையில் ஒரு இங்கிலீஷ் அரியர்

அரியர் வைத்திருப்பதும் ஒரு தொழில்தான்; லீவு கிடையாது, ரிட்டயர்மென்ட் கிடையாது, யாராவது "என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் ஒரே ஒரு பேப்பரை மிச்சம் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைகிறவர்கள் இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே பெஞ்ச்.

என் பெயர் கலைவாணி. பெயர் ராசி அவ்வளவாக வேலை செய்யவில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய்க்கடை. பிறந்ததும் காய்க்கடை வீடு, வாழ்க்கைப்பட்டதும் காய்க்கடை வீடு. நடுவில் மூன்று வருஷம் பி.ஏ. வரலாறு படித்தேன். எல்லாப் பேப்பரும் பாஸ், இங்கிலீஷ் இரண்டாம் தாள் மட்டும் ஃபெயில். அதில் பாதி வொகாபுலரி, வார்த்தைக்கு அர்த்தம் எழுதணும். மீதி காம்ப்ரிஹென்ஷன், ஒரு பாராவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கீழே கேள்வி கேட்பார்கள். ஆறு தடவை எழுதினேன், ஆறு தடவையும் ஊத்திக்கொண்டது. அப்புறம் கல்யாணம், குழந்தை, கடை என்று ஆனதில் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் ஸ்கூல் திறக்கும்போதெல்லாம் என் மகள் யாழினி ஒரு ஃபார்மைக் கொண்டுவந்து நீட்டுவாள். அதில் 'தாயின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். அங்கே 'பிளஸ் டூ' என்று எழுதி, சட்டென்று மடித்துக் கொடுத்துவிடுவேன். போன வருஷம் கூடப் படித்த தோழி போன் பண்ணி, பழைய சிலபஸ்காரர்களுக்கு இதுதான் கடைசி சான்ஸ், இதையும் விட்டால் படித்த மூன்று வருஷமும் அம்போ என்றாள். மறுநாளே போய்ப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். பயம் ஒரு பக்கம், ஆனால் அதைவிடச் சந்தோஷம்தான் பெரிசாக இருந்தது. திரும்பவும் ஹால் டிக்கெட்டில் என் போட்டோ.

பாகற்காய் மேல் ஒரு அட்டை

உட்கார்ந்து படிக்க எனக்கு எங்கே நேரம்? அதனால் காயை வைத்தே படிப்பது என்று முடிவு பண்ணினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் தமிழில் அர்த்தம் எழுதி, காய்க்கு ஒரு அட்டையாகக் குவியலில் செருகிவிடுவேன். தக்காளி மேல் 'ஃபிரஜைல்', சீக்கிரம் உடையக்கூடியது. கத்தரிக்காய் மேல் 'அபண்டன்ட்', ஏராளம். பாகற்காய் மேல் 'ரிலக்டன்ட்'. அந்தக் காயை எடுத்து நிறுக்கிற ஒவ்வொரு முறையும் வார்த்தையை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்ளணும், அதுதான் கணக்கு. கத்தரிக்காய் நன்றாக ஓடியதால் அபண்டன்ட் ஒரே நாளில் மண்டையில் ஏறிவிட்டது. பூசணிக்காய் மேல் வைத்த வார்த்தைதான் நாலு நாளாகியும் ஏறவில்லை, ஒருத்தரும் வாங்கவில்லை.

முதலியார்பேட்டையிலிருந்து வாரம் தவறாமல் வருகிற ஒரு அம்மா பாகற்காயைப் பொறுக்கிக்கொண்டே அட்டையைக் கவனித்தார்கள். "இது இன்னாம்மா, புது ரகமா?" என்று கேட்டார்கள். இல்லைம்மா, பரீட்சைக்குப் படிக்கிறேன், ரிலக்டன்ட் என்றால் மனசே இல்லாமல் ஒரு வேலையைச் செய்வது என்று விளக்கினேன். அவர்கள் அட்டையை ஒரு தரம் பார்த்தார்கள், பாகற்காயை ஒரு தரம் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "எங்க ஊட்டுக்காரர் பாவக்கா கொழம்பு சாப்புடறதுக்கு இப்டி ஒரு பேர் இருக்கறது இத்தினி நாளா தெரியாமப் போச்சே."

அந்த விவசாயியைக் காப்பாற்றப் போனேன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குள்ளேயே சாரம் பகுதியில் அரியர்காரர்களுக்கு ஒரு டியூஷன். நடத்துவது ஷர்மிளா மிஸ். என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள், அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன். முதல் நாள் ஒரு பாரா கொடுத்தாள். ஒரு விவசாயி தக்காளியை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போகிறார். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. தக்காளி வீணாகிறது. கேள்வி: தக்காளி ஏன் வீணாயிற்று?

நான் உற்சாகமாகப் பக்கம் நிறைய எழுதினேன். தக்காளியை யாராவது மூட்டை கட்டுவார்களா? பெட்டியில் அடுக்கணும், கீழே வைக்கோல் போடணும், செங்காயாகப் பறிக்கணும். மழையே பெய்யாவிட்டாலும் அது சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூழாகியிருக்கும். என்னமாய் எழுதியிருக்கிறோம் என்று எனக்கே பெருமை. மிஸ் சைபர் போட்டாள். நான் விடவில்லை, அரை மணி நேரம் வாதாடினேன். பின்னால் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு தடவையும் நான் இதைத்தான் செய்திருக்கிறேன். வெங்காயம் அழுகிய பாராவில் வெங்காயத்தை எப்படிக் காயவைப்பது என்று எழுதினேன். கடைக்காரன் நஷ்டப்பட்ட பாராவில் அவனுக்குப் புத்தி சொன்னேன். இங்கிலீஷ் தெரியாமல் ஃபெயிலாகவில்லை ஐயா, விஷயம் தெரிந்து ஃபெயிலாகியிருக்கிறேன். மிஸ் என் பேப்பரை மடித்துக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "அக்கா, அந்த வெவசாயிய நம்மால காப்பாத்த முடியாது. பாராவுல இன்னா இருக்கோ அத எழுதிட்டு வெளிய வந்துடுங்க."

முசியே கொடுத்த ஊக்கம்

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கஞ்சி போட்ட சட்டை, கையில் மடித்த துணிப்பை. மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். என் அட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்து, இது எங்கள் வார்த்தை, இதுவும் எங்கள் வார்த்தை என்று தனியாக ஒதுக்கிவைத்தார். கொஞ்ச நேரத்தில் கடையில் பாதி அட்டையைக் காணோம், எல்லாம் பிரான்ஸ் பக்கம் போய்விட்டது.

பரீட்சைக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள் முசியே, எனக்கு இருப்பது ஒரே சான்ஸ் என்று கேட்டேன். அவர் முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, என் மேல் நிஜமான இரக்கத்தோடு சொன்னார்: "இங்கிலீஷ்காரனே எங்ககிட்டருந்து கேட்டுக் கேட்டுப் பேசக் கத்துக்கிட்டவன். அவனே பாஸாயிட்டான், நீ ஆவ மாட்டியா?"

மேரியக்கா வைத்த டெஸ்ட்

மீன் பக்கம் கடை போட்டிருப்பவள் மேரியக்கா. அவளுக்கும் எனக்கும் பதினைந்து வருஷப் பழக்கம். ஞாயிறு காலையில் அவளிடம்தான் மீன் வாங்குவேன். அவள் ஒன்று சொல்ல, நான் பாதிக்குக் கேட்க, அவள் என் குடும்பத்தையே இழுக்க, நான் போவது போல நாலு எட்டு நடக்க, அவள் கூப்பிட, அப்புறம்தான் மீன் பைக்குள் வரும். பேரம் பேசாமல் வாங்கிப்போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. நம்மகிட்ட பேச இஷ்டமில்லாத ஜனங்க என்பாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தானே கேள்வி கேட்பதாகச் சொல்லி அட்டைகளை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பின்பக்கத்துத் தமிழைப் படிப்பாள், நான் இங்கிலீஷ் வார்த்தை சொல்லணும். சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்து, தெரியாத இடத்தில் நானாக ஒன்றை அடித்துவிட்டேன். இருபது அட்டையில் மூன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். மூன்றும் நான் புளுகியவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிக்கா கண்டுபிடிச்ச என்று கேட்டேன். செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "கையில காசில்லாம மீன் வெல கேக்கறவ மொகம் எனக்குத் தெரியாதா? அந்த மூணுக்கும் உன் மொகம் அப்டிதான் இருந்திச்சி."

பரீட்சை ஹாலில் பேரம்

அந்த நாளும் வந்தது. ஹாலில் என்னைத் தவிர எல்லாம் சின்னஞ்சிறுசுகள். ஒரு பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்று குட்மார்னிங் மேம் என்றாள். வொகாபுலரியில் ஃபிரஜைல் வந்திருந்தது, ரிலக்டன்ட் வந்திருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேனா பறந்தது. பக்கத்தைத் திருப்பி காம்ப்ரிஹென்ஷன் பாராவைப் படித்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மார்க்கெட்டைப் பற்றிய பாரா. எழுதினவர் சொல்கிறார்: பேரம் பேசுவது கெட்ட பழக்கம், விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேர் நேரமும் வீண், பேரம் பேசுகிற இடத்தில் நம்பிக்கை இருக்காது. கேள்வி: பேரம் ஏன் தவறு? எனக்கு ரத்தம் கொதித்தது. நம்பிக்கை இல்லாதவள்தான் பதினைந்து வருஷமாக ஒரே ஆளிடம் மீன் வாங்குகிறேனா? அந்த ஆசாமி மட்டும் எதிரே இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இங்கிலீஷில் பதில்கூட வாக்கியம் வாக்கியமாக மண்டையில் ஓடுகிறது, அதுதான் கொடுமை. பேனாவைக் கொண்டுபோவேன், யாழினியின் ஃபார்மில் அந்தக் கட்டம் ஞாபகம் வரும், பேனாவை எடுத்துவிடுவேன். இப்படியே நேரம் போனது. சூப்பர்வைசர் சார் பக்கத்தில் வந்து, என்னம்மா எழுதாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாரா புரியவில்லையா என்று கேட்டார். புரியுது சார், ஆனா அவர் சொல்றது தப்பு சார் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் எழுதிட்டு எப்பவோ ஊட்டுக்குப் போயிட்டாரும்மா. உங்களுக்குதான் இன்னும் பதினஞ்சி நிமிஷம் இருக்கு."

எழுதினேன். பேரம் தவறு, நேரம் வீண், நம்பிக்கை போய்விடும். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதி முடித்து வெளியே வரும்போது மேரியக்கா முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

ரிசல்ட்

ரிசல்ட் வந்த அன்று போனைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. யாழினிதான் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். போனை அப்படியே என் பக்கம் திருப்பினாள். பாஸ். நான் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வாடிக்கைக்காரர்கள் என்ன துக்கமோ என்று சத்தமில்லாமல் காயை எடுத்துவைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷ ஃபார்மில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தாளாம் யாழினி, ரிசல்ட்டுக்காக. பையிலிருந்து ஃபார்மை எடுத்து என் மடியில் வைத்தாள். பி.ஏ. என்று இரண்டு எழுத்து எழுத எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோட்டுக்கு வெளிய போயிடுச்சிம்மா. பரவால்ல, இருக்கட்டும்."

அதே கையோடு மீன் பக்கம் ஓடினேன். மேரியக்கா என்னைக் கட்டிக்கொண்டாள், செதில் கையோடு. பக்கத்துக் கடைக்காரிகளையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள். இன்னா கேட்டான், இன்னா எழுதுன என்று வரிசையாகக் கேட்டாள். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை, பேரம் பாராவையும், நான் எழுதிய பதிலையும் அப்படியே ஒப்பித்துவிட்டேன். அவள் கத்தியை எடுத்துச் செதில் சுரண்ட உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இன்றைக்கு விருந்து, பெரிய வஞ்சிரமாக ஒன்று கொடு என்றேன். எடுத்து வைத்து விலை சொன்னாள். வழக்கம் போல நான் பாதிக்குக் கேட்டேன். மேரியக்கா மீன் மேல் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதான பேரம் பேசறது தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தவ. சொன்ன வெலயக் குடுத்துட்டு மீனை எடுத்துக்கினு போ."

மூன்று வருஷப் படிப்பைப் பதினேழு வருஷத்தில் முடித்தவள் சொல்கிறேன், பாராவில் இருப்பதை மட்டும் எழுதினால் பாஸாகிவிடலாம், ஆனால் மீனைப் பாராவுக்கு வெளியேதான் வாங்க வேண்டியிருக்கிறது.