வெள்ளத்தில் மீட்கப்படும் புவனேஸ்வரி

முப்பத்தெட்டு கிலோ. பள்ளத்தாங்கல் ஊராட்சியின் பேரிடர் தயார்நிலை முழுவதும் பல ஆண்டுகளாக இந்த எடையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. எடைக்குச் சொந்தக்காரி புவனேஸ்வரி. வயது ஐம்பத்தொன்று, தொழில் பட்டு நெசவு.

பள்ளத்தாங்கல் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். மேட்டில் ஏரி, பள்ளத்தில் தறிக்காரர்களின் தெருக்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து முதலில் இறங்குவது தறிக்குழியில்தான். நெய்கிறவர் கால் தொங்கப்போட்டு உட்காரும் அந்தக் குழி நிறைந்த பிறகுதான் மற்ற இடத்துக்கு ஏறும். ஆகையால் வருஷா வருஷம் புரட்டாசியில் வெள்ள மீட்பு ஒத்திகை நடக்கும். ஒத்திகைக்கு வெள்ளம் தேவையில்லை. பந்தல், மைக், தேநீர், கூடவே வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஓர் ஆள் இருந்தால் போதும்.

முதல் வருஷம் மாவு மில்காரரைத் தூக்கப்போய் மீட்புக் குழுவில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு திட்டத்தில் செய்த ஒரே திருத்தம், ஆளை மாற்றியதுதான். புவனேஸ்வரி பஞ்சு மாதிரி எழும்பி வருவாள். நடுவில் சிரித்துத் தொலைக்கவும் மாட்டாள். கழுத்தை ஒரு பக்கம் தொங்கப்போட்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொள்வாள். பேப்பரில் வந்த அவளுடைய படங்கள் மூன்றைக் கண்ணாடி போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

போன கார்த்திகையில் நிஜமாகவே வெள்ளம் வந்தது. மீட்புக் குழுதான் வரவில்லை. ஊராட்சிக்கு வாங்கிய ரப்பர் படகு சமுதாயக் கூடத்தில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அது முகூர்த்த மாதம், மழையும் அதே மாதத்தில்தான் பெய்யும் என்று திட்டம் போட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

புவனேஸ்வரி தன் காலாலேயே நடந்து மேட்டுக்குப் போயிருக்கலாம். போக முடியாதவர் உள்ளறையில் இருந்தார். அவள் கணவர் வீரபாகு, தொண்ணூறு கிலோவுக்கு மேல். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் காலும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக் கலியனும் அவளுமாகக் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் செங்கலாக அண்டை கொடுத்தார்கள். அவர் மேலே சாய்ந்தபடி, "இன்னொண்ணு வைப்பா, ஆடுது" என்று மேற்பார்வை பார்த்தார். தண்ணீர் கட்டில் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்று யோசித்துவிட்டு வடிந்தது. இன்னொரு சாண் ஏறியிருந்தால் அவளால் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது. அந்த ஒரு சாண் அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

மீட்புக்கு வராதவர்கள் மறுவாழ்வுக்கு வந்தார்கள். பாதிக்கப்பட்ட நெசவாளர்களுக்கு 'வெள்ளம் தாங்கும் தறி'. இரும்புச் சட்டம், குழியே வேண்டாம். முன்னறையில் பழைய குழித்தறிக்கு எதிர்ப்பக்கம், நாலு போல்ட் போட்டுத் தரையோடு முடுக்கினார்கள். 'ஐந்து ஆண்டுகளுக்கு இடம் மாற்றக் கூடாது' என்று பச்சைப் பெயிண்டில் எழுதினார்கள். மாற்றினால் அடுத்த நிவாரணம் கிடையாது. அதன் தலையில் ஜக்காடு பெட்டியை ஏற்றினால் கூரை இடித்தது. ஜக்காடு இல்லாமல் கரையில் பூ விழாது. பூ இல்லாத புடவையை முதலாளி தொடமாட்டார். ஆகவே வெள்ளம் தாங்கும் தறி ஈரத்துணியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் ஒத்திகைக்கு முதல் நாள் ஊராட்சி எழுத்தர் சிட்டிபாபு வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, நாளைக்கி பத்து மணிக்கு ரெடியா இருந்துக்கோ. அந்த மஞ்ச சேலையே கட்டிக்கோக்கா, போட்டோல எடுப்பா இருக்குது."

"நான் வரலபா."

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா? அப்பிடின்னா இன்னும் நல்லது. நடிக்கவே வேணாம்."

"இந்த வாட்டி அவரத் தூக்குங்க. நெஜமா தூக்க வேண்டிய ஆளு அவருதான?"

சிட்டிபாபு உள்ளே எட்டிப் பார்த்தான். வீரபாகு கட்டிலில் சாய்ந்து, வலது கையில் பிடித்த வாழைப்பழத்தைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு திட்டத்துல இல்லியேக்கா."

"வெள்ளத்துல இருக்கறாருபா."

ஒத்திகையை நடத்த வெளியூரிலிருந்து வந்த அதிகாரி இளங்கோவன் மறுப்புச் சொல்லவில்லை. 'நடக்க இயலாதவரை மீட்டல்' என்ற தலைப்பு அவருக்குப் பிடித்துவிட்டது. மைக்கில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தெருவே வாசலில் கூடியது. வீரபாகு முகம் மழித்து, பட்டையாக விபூதி பூசி, கரைவேட்டி கட்டிக் காத்திருந்தார். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் நாலு பேர் அவரை ஸ்டிரெச்சரில் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி, முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே நின்றுபோனார்கள்.

வலது பக்கம் குழித்தறி. பாதி நெய்த முகூர்த்தப் புடவையின் பாவு நூல் அறை நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. இடது பக்கம் இரும்புத் தறி. நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நழுவலாம், அவ்வளவுதான். முன்னால் போனவனின் இடுப்பு செருகிக்கொண்டது. பின்னால் இருந்தவர்கள் வேகமாக வந்து அதை இன்னும் இறுக்கினார்கள். ஸ்டிரெச்சர் சாய்ந்தது. வீரபாகு வலது கையால் இரும்புத் தறியின் மேல்சட்டத்தைப் பிடித்தவர் விடவே இல்லை. அந்தத் தறியில் இத்தனை மாதம் துணி காயப்போட்ட புவனேஸ்வரிக்கும் அப்போதுதான் உறைத்தது. வழியை அடைத்துக்கொண்டு நிற்பது நிவாரணம்.

"யாருய்யா வழில தறியப் போட்டது?" இளங்கோவன் வாசலிலிருந்து கத்தினார்.

"நீங்கதான் சார்" என்றான் கலியன். "எழுதிக்கூட வெச்சிக்கிறீங்க, பச்ச பெயிண்ட்ல."

கூட்டம் சிரித்தது. இளங்கோவன் குனிந்து படித்துப் பார்த்தார். "அது வேற துறை."

"அப்ப நான் எந்தத் துறைல தொங்கிக்கினு இருக்கறேன் சார்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வீரபாகு.

போல்ட்டைக் கழற்றலாமா என்று ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் கேட்டான். அரசுச் சொத்து, கூடாது என்றார் இளங்கோவன். காட்சிக்கு வைக்க என்று கொண்டுவந்திருந்த இரும்பு வெட்டும் கருவி பந்தலில், மேசை மேல், மாலையோடு இருந்தது. வேறு வழி தெரியாமல் ஒருவன் குழித்தறிப் பக்கம் காலை வைக்கப் போனான்.

"பாவுல மிதிக்காத, கால எடு" என்று புவனேஸ்வரி சீறினாள். தண்ணீர் நின்றிருந்தால் அந்தச் சொல் வாயில் வந்திருக்குமா என்பது அவளுக்கே தெரியாது. வந்திருக்கும் என்றுதான் பயந்தாள்.

கடைசியில் வந்த வழியே பின்னுக்கு நகர்ந்து வீரபாகுவைக் கட்டிலிலேயே கிடத்தினார்கள். படம் எடுக்கிறவர் நேரமாகிறது என்றார். முப்பத்தெட்டு கிலோ வாசற்படியில் உட்கார்ந்து அசைய மறுத்தது. ஆகவே சிட்டிபாபு ஸ்டிரெச்சரில் படுத்து, சட்டைப்பையில் செல்போன் அடிக்க அடிக்க, வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்டான். கைதட்டினார்கள். ஒத்திகை முழு வெற்றி என்று இளங்கோவன் பேசினார். தேநீரும் பன்னும் கொடுத்தார்கள்.

சாயந்தரம் சிட்டிபாபு ஒரு பன்னை எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஒரு வகைல நல்லதுதான்க்கா. மாமாவ மீட்டாச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டுட்டாங்க."

"அப்ப உள்ள படுத்துக்கினு இருக்கறது யாரு?"

அவன் பன்னைத் தறிச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கலியன் ஸ்பேனரோடு வந்தான். உள்ளறையிலிருந்து வீரபாகு தடுத்தார்.

"ஏய் புவனா, வேணாம். அத நவுத்துனா அடுத்த வெள்ளத்துக்கு ஒண்ணுமே தரமாட்டாங்க."

"வாங்கறதுக்கு நீங்க இருக்கணுமே" என்றாள். ஸ்பேனரைக் கலியன் கையிலிருந்து பிடுங்கி முதல் போல்ட்டை அவளே திருகினாள். முழு எடையையும் போட்டுத் தொங்கியும் அது அசையவில்லை. மிச்சத்தைக் கலியன்தான் கழற்றினான்.

இரும்புத் தறி இப்போது தெருவோரத்தில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அது இருந்த இடத்தில், வாசலைப் பார்த்தபடி, வீரபாகுவின் கட்டில். கலியனும் தெருவில் மூன்று பேரும் அவரைக் கட்டிலோடு தூக்கி மேட்டுத் தெருவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டு இடத்தில் இறக்கி வைத்தார்கள், ஓர் இடத்தில் அவரிடம் திட்டு வாங்கினார்கள். படம் எடுக்க ஒருவரும் வரவில்லை.

ஊராட்சியிலிருந்து கடிதம் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் கனமழை என்கிறது வானிலை அறிவிப்பு. தறி ஏன் இடம் மாறியது என்று விசாரிக்க அதிகாரிகள் திங்கட்கிழமை வருகிறார்கள்.