சாயக்காரரின் வாலாஜாபாத் பயணம்

டவுன் பஸ்சின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஒரு நாள் காலையில் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்சின் பின்வாசலை ஒட்டி நின்று, அந்தப் படி என் காலில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தது. "இன்னாம்மா, ஏர்றீங்களா, இல்ல பஸ்சுக்கு வெல பேசறீங்களா?" என்றார் கண்டக்டர். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் ஏறவில்லை. அந்த உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கே பயிற்சிக்காக நாங்கள் வைத்திருந்த மரப்படி அதில் பாதி உயரம்கூட இல்லை. வாட்ச்மேனிடம் சொல்லி, அதன் அடியில் சிமெண்ட் கற்களை அடுக்கச் செய்தேன்.

அதெல்லாம் சாயக்காரருக்காக. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். சர்க்கரை வியாதியால் அவருடைய பாதங்கள் மரத்துப் போயிருந்தன. கொதிக்கிற சாயத்தண்ணீர் வலது காலில் தெறித்ததை அவர் உணரவே இல்லை. புண் பெரிதாகி, முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. செயற்கைக்கால் பொருத்தியபின் நடக்கப் பழகுவதற்காக எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் டாக்டரம்மா என்பதை அவர் விடவில்லை. அதிகம் பேசாதவர். சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்வார். வலித்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வீட்டுக்குள் நடக்கவும் தெருமுனை வரை போய் வரவும் தேறிவிட்டார். இனி வாரம் ஒரு முறை வந்தால் போதும் என்று சொன்ன அன்று, "டவுன் பஸ்சுல ஏறணும்மா. அத்த மட்டும் கத்துக் குடுத்துடுங்க" என்றார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். வாலாஜாபாத் என்றார். மகன்கள் இருவரும் பைக் வைத்திருக்கிறார்களே, கொண்டு போய் விடமாட்டார்களா என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். வாலாஜாபாத்தில் அவர் மகள் இருக்கிறாள். வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொன்னவர் இவர்தான். பெரிய மகன் அதை அப்பாவைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான். தெருமுனை ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அந்த மகனுடைய கூட்டாளிகள். ஆகவே ஆட்டோவும் ஆகாது. மனைவியோடு போகலாமே என்றேன். "அவளோட போனா, அவ என்ன இட்டுக்கினு வந்ததா ஆயிடும். நானா வந்ததா ஆவாதும்மா" என்றார்.

மனைவி மகளைப் பார்க்கப் போய்வருவது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பெண்களுக்கு டவுன் பஸ்சில் டிக்கெட் கிடையாது என்று ஆனபிறகு, அந்த அம்மாள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாதம் ஒரு முறை வாலாஜாபாத் போய்வந்தார். நெற்றியில் புதுக் குங்குமம் இல்லாமல், பையில் வாலாஜாபாத் சந்தைக் கீரையோடு திரும்பி வருவாராம். இவர் எதுவும் கேட்டதில்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, என் எதிரிலேயே மனைவியிடம் சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்மே, நீ கோயிலுக்குப் போற பஸ்சுல எந்தப் பக்கம் வெயில் அடிக்குது?" அவர்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அந்த அம்மாள் தரையைப் பார்த்தபடியே, "டிரைவர் பக்கம்" என்றார்.

பயிற்சி சில வாரங்கள் நடந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில். கம்பியைப் பிடிக்கும் கை, உடம்பைத் தூக்கும் தொடை, நின்றபின் தாமதிக்காமல் இருக்கையைப் பார்த்து நகர்வது எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். என் விடுமுறை நாளில் நானும் வருவேன், முதல் தடவை தனியாக விடமாட்டேன் என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். நான் அவரைப் பிடிக்கக் கூடாது. "பஸ்சுல ஏறினப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ."

அன்றைக்கு வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகப் பேருந்து நிலையத்தில் நின்றார். என்ன கழுவியும் போகாத அரக்குச் சிவப்பு நகக்கண்களில் இருந்தது. முதல் பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. அவர் இடது காலை மேலே வைத்து உடம்பைத் தூக்குவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். பஸ் அசைந்தது. அவர் பின்னால் சாய்ந்தார், யாரோ ஒரு கல்லூரிப் பையன் தாங்கிக்கொண்டான். பஸ் போய்விட்டது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் டீக்கடையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். அடுத்த பஸ்சின் டிரைவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். சாயக்காரர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். "எனக்கு ஏர்றதுக்கு நேரமாவும் தம்பி. அதுவரிக்கும் வண்டிய எடுக்காத." டிரைவர் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "நான் டீ குடிக்கசொல்ல நீ போய் ஏறிக்கோ பெரியவரே. நான் இல்லாம வண்டி எங்க போவப் போவுது?"

காலிப் பஸ்சில் அவர் ஏறினார். முகம் முழுக்க வேர்வை. வெயில் அடிக்காத பக்கம் உட்கார்ந்தார். அவரிடம் ஊனமுற்றோர் அட்டை இருந்தது. ஆனால் அதைக் காட்டாமல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். நான் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "உங்க அப்பாவா?" என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன். ஐயம்பேட்டை தாண்டி, குறுக்கே வந்த மாட்டுக்காக டிரைவர் பிரேக் போட்டதில் அவர் இருக்கையிலிருந்து சறுக்கினார். நான் எழுந்தேன். அவர் கம்பியைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொண்டு, திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வாலாஜாபாத்தில் இறங்கினார். நான் நிறுத்தத்திலேயே காத்திருப்பதாக ஏற்பாடு. ஆனால் அவர் நகரவில்லை. கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஊடு எங்கன்னு தெரியாதும்மா" என்றார். படியை அளந்தோம், வெயிலைக் கேட்டோம், வீடு எந்தத் தெருவில் என்று இருவரும் கேட்கவில்லை. மருமகன் ஏதோ ஒரு ரைஸ் மில்லில் மெக்கானிக் என்பது மட்டும் தெரியும். ஒரு மளிகைக் கடையில் போய் நின்றோம். கடைக்காரர், "பேரு சொல்லுங்க" என்றார். சாயக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகனுடைய பெயரைச் சொன்னார். அதுவரை என்னிடம் அவர் "அந்தப் பையன்" என்று மட்டுமே சொல்லியிருந்தார். கடைக்காரர், "நீங்க யாரு அவங்களுக்கு?" என்று கேட்டார். "நானா? அவரு மாமனாரு" என்றார் சாயக்காரர். கடைக்காரருக்கு அது ஒரு சாதாரண பதில். மில்லுக்குப் பின்னால் இரண்டாவது சந்து என்று கைகாட்டினார்.

மகள் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். "காலு இருந்தப்ப வரலியேப்பா" என்றாள். நான் சந்து முனைக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் அங்கேயே நின்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காலு இருந்தப்ப எங்கெங்கியோ போய்க்கினு இருந்தேம்மா. இப்ப போவணும்னு இருந்தது இங்க ஒண்ணுதான்" என்றார். அவள் உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டாள். அவர் உட்கார்ந்ததும், குழந்தையை இறக்கிவிட்டுக் கீழே குந்தி, "எந்தக் காலு? ரைட்டா?" என்று கேட்டு வேட்டியின் மேலாகத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் அதைச் சொன்னாள். காலை எடுத்த மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். கேட்டிலேயே பெரிய அண்ணன் நிறுத்தி, அப்பாவுக்கு உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். சாயக்காரருக்கு இது தெரியாது. மனைவிக்குத் தெரியும், அப்பனும் பிள்ளையும் அடித்துக்கொள்வார்களே என்று சொல்லாமல் இருந்துவிட்டார். சாயக்காரர், "நான் அப்படிச் சொல்லல. அன்னிக்கு ஒன்னத்தான் தேடினேன்" என்று மட்டும் சொன்னார். அவள் அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இனிமே சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பஸ்சு. உள்ள வாங்க" என்றாள். என்னையும் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். அந்த வழியில் பஸ் ஓயாமல் ஓடுகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வாசற்படி உயரமாக இருந்தது. அவள் கை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே, ஆஸ்பத்திரி கேட்டில் தங்கச்சியை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று பெரிய மகனிடம் கேட்டிருக்கிறார். அவன் பல வாரம் அப்பாவோடு பேசவில்லை. அவர் மட்டும் நினைத்தபோது வாலாஜாபாத் போய்வந்தார், நான் தேவைப்படவில்லை. போன மாதம், செயற்கைக்கால் உராய்கிறது என்று காட்ட வந்தார். இப்போது மனைவியோடு சேர்ந்தே போகிறாராம். மகள் அவ்வளவு காலத்துக்குப் பின் முதல் முறையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்ததைச் சொன்னார். பெரிய மகன் வாசலில்தான் நின்றிருந்தானாம். தங்கச்சி முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய பைக் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் எப்படி உள்ளே போவது என்று குழந்தையோடு தெருவிலேயே நின்றிருக்கிறாள்.

"அப்புறம்?" என்றேன்.

சாயக்காரர் காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அவனே வண்டிய நவுத்தினாம்மா. இப்போதிக்கு அவ்ளோதான்" என்றார்.