அவன் இல்லேன்னாலும் ஓடும்

வேலை ஒருவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ராஜபாளையத்து மில் முதலாளி என்னையும் என் நண்பனையும் மில்லுக்கான இணையதளத்தை ஜாவா கணினி மொழியில் தனித்தனியாகச் செய்யவைத்தார். அவன் சர்வ்லெட் என்ற பழைய முறையில் செய்தான். நான் அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஜேஎஸ்பி முறையில் செய்தேன். எது தேறும் என்று சொல்ல மதுரையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார்.

வழவழவென்று மழித்த முகம். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவை யாருக்கும் நீட்டாமல், விரலால் வழித்துத் தின்றபடியே நாங்கள் எழுதியதைப் படித்தார்.

"சர்வ்லெட்டுதான் வேகம். ஆனா எழுதுனவனைத் தவிர ஒருத்தனும் அதுல கை வைக்க முடியாது. இந்தத் தம்பி எழுதுனதை எவன் வேணும்னாலும் திருத்திக்கிடலாம்."

"அப்போ இவன் இல்லேன்னாலும் ஓடுமா?" என்றார் முதலாளி.

"அருமையா ஓடும்."

நண்பனை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆலோசகர் முதல்முறையாகப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்கோ தம்பி. சுத்தமா எழுதியிருக்க."

ஜெயித்த பூரிப்பில் வாங்கித் தின்றேன். தளம் ஓடத் தொடங்கிய மறுநாள், வாட்ச்மேன் என்னை கேட்டிலேயே நிறுத்தினார். "இனிமே வரவேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாக."

வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போடுவதைப்போல அந்த ஆலோசகர் தெரிந்தேதான் பால்கோவாவை நீட்டினாரா, இல்லை அவருக்குத் தின்று திகட்டிவிட்டதா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.