கிரைண்டர் தட்டில் ஓர் இருக்கை

சைலன்சர் சூடேறினால் என் காரிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வரும். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நிற்கிறவர், யார் வீட்டிலோ முறுக்குச் சுடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் தேடுவார். எனக்கு அந்த வாசத்தோடு என் மனைவியின் சிரிப்பும் சேர்ந்தே கேட்கும்.

நானே கட்டிய கார். பம்புசெட் வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்கிறவன் நான். கை சும்மா இருக்காது. பழைய கார் ஒன்றின் எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அடிச்சட்டம் கட்டி, மேலே ஃபைபர் உடம்பு போர்த்தினேன். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக ஓடும். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவள், "ஏனுங்க, நாம ரோட்டு மேல போறமா, ரோட்டுக்கடியில போறமா?" என்றாள். அன்றிலிருந்து இடப்பக்கம் அவளுடையது.

கையால் கட்டிய காருக்கு வேலை தீர்வதில்லை. மழைத் தண்ணீர் கதவடியில் தேங்கியது. வடிய ஓட்டை போட்டேன். சூட்டில் அவள் சேலைக் கரை பொசுங்கியது. தகரத்தை வளைத்து மறைப்பு வைத்தேன். அடுத்து அடிச்சட்டத்தில் துரு. அவள் தம்பிக்குக் காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில். "மாமா, எங்க மில்லு மெஷின்ல ஒரு பொட்டுத் துரு காட்டுங்க பாக்கலாம். எண்ணெக் கசண்டப் பூசிப்போடுங்க" என்று எண்ணெயின் அடிவண்டலை ஒரு டின் நிறையக் கொண்டுவந்து இறக்கினான். இருவரும் காருக்கடியில் மல்லாந்து படுத்துப் பூசினோம்.

துரு நின்றது. எலி வந்தது. கசண்டு வழிந்த வயர்களை நக்கிப் பார்த்து, ருசி பிடித்துப்போய், வயரையும் தின்றுவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பவில்லை. ஹார்ன் மட்டும் ஓயாமல் அலறியது. அவள் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துருவுக்கு மருந்து வெச்சீங்களா, எலிக்கு விருந்து வெச்சீங்களா?" தம்பிக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "அக்கா, எலிகூட நம்ம மில்லு எண்ணெயத்தான் கேக்குது பாரு."

கசண்டைத் துடைத்துக் கிரீஸ் பூசினேன். வயர்களை இரும்புக் குழாய்க்குள் இழுத்துவிட்டேன். கை எட்டாத மூலைகளில் மட்டும் எண்ணெய் தங்கிப்போனது.

பிறகு அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆறி, நடந்து, படியேறவும் தொடங்கிய பிறகு ஒரு நாள் காரில் ஏற வந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். மற்றது மடங்கவில்லை. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். வலியைவிட அந்த நிற்றலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"இனி எனக்கு ஆகாதுங்க. வித்துப்போடுங்க. நீங்க மட்டும் போறதுக்கு எதுக்கு ரெண்டு சீட்டு?"

அன்னூரில் ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். சரி என்றேன். ஆனால் கை சும்மா இருக்குமா? மெத்தையை உயர்த்தினேன், அவள் தலை கூரையில் இடித்தது. மேலே கைப்பிடி வைத்தேன். தோள் வலிக்கிறது என்றாள். உட்காருவதில் சிரமமில்லை, உட்கார்ந்தபின் திரும்புவதில்தான்.

"ஏனுங்க, இங்க வாங்க." சமையலறையிலிருந்து அவள் குரல். வெட் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். டிரம்மைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது உட்காரும் வட்டத் தட்டை ஒரு விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் சுற்றியது.

"மாவு மட்டுந்தான் இதுல சுத்தோணுமா? என்னைய உக்கார வைங்க. வெளிய காலு வெச்சு உக்காந்து, அப்படியே திரும்பிக்கறேன்."

"அப்ப இட்லிக்கு?"

"கடை மாவுதான். புளிச்சா வாயத் தொறக்காமத் தின்னுங்க."

தட்டைப் பேரிங்கோடு கழற்றி, அவள் பக்கத்துப் பழைய இருக்கையை எடுத்துவிட்டு அங்கே பொருத்தினேன். மெல்லிய மெத்தை ஒன்றை அதன்மேல் வைத்தேன். தெருமுனையில் முதல் ஓட்டம். வளைவில் நான் ஸ்டியரிங்கை ஒடித்ததும் அவள் முழுசாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டக் கோவமா அம்மணி?" என்றேன். "சீட்டக் கேளுங்க!" அன்றே ஒரு பூட்டு ஊசி செய்தேன், அதைச் சொருகினால் இருக்கை அசையாது, உருவினால் திரும்பும்.

சனிக்கிழமை காங்கேயம் கிளம்பினோம். அவ்வளவு தூரம் முழங்கால் தாங்குமா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. பல்லடம் தாண்டியதும் வெட்டவெளிக் காற்று முகத்தில் அறைந்தது. சைலன்சர் சூடேறி வாசம் எழுந்தது. அவள் கண்ணை மூடி மூக்கை உறிஞ்சினாள். "எலிக்குச் சொல்லியனுப்புங்க" என்றாள்.

மில் வாசலில் தம்பி நின்றிருந்தான். போனிலேயே அவள் எல்லாம் சொல்லியிருந்தாள். "அக்கா, கிரைண்டர்லயா வந்த? மாவாயிட்டியா?"

"உன்னைய ஆட்டத்தாண்டா வந்திருக்கேன்."

ஊசியை உருவினேன். அவள் திரும்பினாள். இரண்டு பாதமும் மண்ணைத் தொட்டன. கதவைப் பற்றினாள், ஒரு மூச்சு இழுத்தாள், எழுந்து நின்றுவிட்டாள். நான் நீட்டிய கை காற்றில் நின்றது.

தம்பி பையை வாங்கிக்கொண்டான். எனக்குப் பட்டறையில் வேலை, திரும்பவேண்டும். கதவைச் சாத்தப் போனவள் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அன்னூர்க்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிப்போடுங்க. சாயங்காலம் பொழுதோட என்னையக் கூட்டிட்டுப் போக இதையே கொண்டாங்க. வேற வண்டின்னா ஏற மாட்டேன்."