சித்தேரி மலைக்கு மேல் ஒரு பலூன்

விஷு வருடப் பங்குனி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1942 மார்ச். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்ட செய்தி எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வரை எட்டியிருந்தது. விமானம் வருகிறதா என்று நாங்கள் சிலர் பகலெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, சித்தேரி மலைக்கு மேலே நீலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி அகப்பட்டது. அது அசையவில்லை.

"பலூனுங்க! உள்ள ஆளு உக்காந்திருக்கான்" என்றார் எங்களோடு நின்ற மளிகைக் கடைக்காரர்.

அதே நேரம் மலைச் சரிவில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டிருந்தார்; பின்னால் புகை. சாமை விதைக்குமுன் சரிவைக் கொளுத்துகிறவர்கள் எதிர்ச் சரிவுக்காரர்களுக்கு அப்படித்தான் எச்சரிக்கை சொல்வார்கள். கீழே இருந்தவர்களுக்கு அது பலூனுக்குக் காட்டிய சைகையாகப் பட்டது. அந்த விவசாயியைப் பிடித்துவந்து போலீஸ் ஸ்டேஷனில் வைத்தார்கள். உளவாளி என்று முடிவானால் ஜெயில்தான். அவர் மனைவி வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரிக்க பெங்களூரிலிருந்து ஒரு ராணுவ கேப்டன் வந்தார். கன்னடக்காரர். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். எவ்வளவோ படித்திருக்கிறேன், அவரைப்போல் கேள்வி கேட்கிறவரை அதற்குமுன் கண்டதில்லை. பார்த்தவர்களைத் தனித்தனியே விசாரித்தார். ஒருவர் முறம் அளவு என்றார், இன்னொருவர் கயிறு தொங்கியது என்றார். கேப்டன் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஆள் மாறியதை ஒதுக்கி, எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"புகை எந்தப் பக்கம் சாய்ந்தது?"

"கெழக்காலங்க" என்றார் கடைக்காரர்.

"புள்ளி?"

"அது மெல்ல மெல்ல மேக்கால எறங்கிச்சுங்க. அதுக்கப்புறமும் தெனமும் பாத்தோம், அப்பிடித்தான்."

காற்றை எதிர்த்து ஒரு பலூன் தினமும் மேற்கே போகுமா என்று கேப்டன் கேட்டார்.

மறுநாள் விடியுமுன் எங்களைப் பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தி, விடிவெள்ளியைக் காட்டினார். அது முளைத்தால் எழுந்து, மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கப் போகிறவர்கள் நாங்கள். பொழுது விடிந்த பின் அதை யார் தேடினார்கள்? "கண்ணை எடுக்காதீர்கள்" என்றார். சூரியன் வந்ததும், சுவர் நிழலுக்குள் எங்களை நகர்த்திக்கொண்டே போனார். வெள்ளி மங்கியது, சிறுத்தது. மறையவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தபோதும், நீலத்தில் அதே வெள்ளைப் புள்ளி.

"அட, நம்ம வெள்ளிங்க இது!" என்றார் கடைக்காரர்.

"அப்ப உள்ள உக்காந்திருந்த ஆளு எங்கய்யா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

கேப்டன் மட்டும் அதற்குக் காத்திருக்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு நடந்தார். இன்ஸ்பெக்டரையும் வெளியே வரவழைத்து, வானத்தைப் பார்க்கவைத்த பிறகே பேசினார். விவசாயியை அவரே வாசல்வரை அழைத்து வந்தார்.

புளியமரத்தடியிலிருந்து மனைவி எழுந்தார். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வெள்ளி எதுன்னு தெரியாதவங்கெல்லாம் ஆளப் புடிக்க வந்துட்டாங்க. நடய்யா, வெயிலு ஏறுது."

நாங்கள் நீட்டிய மோரைக்கூட வாங்காமல் இருவரும் மலைப்பாதையில் ஏறிப் போனார்கள். கேப்டன் அவர்கள் வளைவில் மறையும்வரை நின்றிருந்தார்.