பழைய சட்டைக்குள் புதுச் சட்டை

என் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனவர். சிங்கப்பூரில் வேலை என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். பொய். அப்பா கொழும்புக்குள்ளேயே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனார், அவ்வளவுதான். அங்கே அவருக்கு ஓர் அரிசிக்கடையும் இன்னொரு குடும்பமும் இருந்தன.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நான் எட்டு வயதுச் சிறுமி. மாதம் ஒருமுறை மாமா, அம்மாவின் தம்பி, என்னைக் கோட்டைவரை ரயிலிலும் பிறகு டிராமிலும் கூட்டிப்போவார். அப்பாவின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தெருமுனைத் தேத்தண்ணிக் கடையில் நின்றுவிடுவார். நான் தனியே போவேன். அப்பா தலை நிமிராமல் காசு உறையை நீட்டுவார். அந்த நீட்டிய கைதான் எனக்கு அப்பா.

போகிற நாளில் என்னிடம் உள்ளதிலேயே கிழிந்த சட்டையை அம்மா எடுத்துத் தருவார். "இதோட போ. அப்பதான் அந்த மனுசனுக்குக் கொஞ்சமாவது உறைக்கும்."

அந்தத் தீபாவளிக்கு மாமா நீலச் சட்டை வாங்கித் தந்திருந்தார். அப்பா என்னை அதில் ஒருமுறை பார்க்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை. அதைப் போட்டு, மேலே கிழிசலையும் போட்டுக்கொண்டு போனேன். ரயிலில் வேர்த்துக் கொட்டியது. கடைக்குப் பக்கத்துக் குறுகலான ஒழுங்கையில் கிழிசலைக் கழற்றி, கொண்டுபோன பைக்குள் திணித்தேன்.

அப்பா நிமிர்ந்தார்.

"திரும்பு பாப்பம்" என்றார். திரும்பினேன். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இது என்ர மகள்" என்றார். அதுவரை என்னைத் தூரத்துச் சொந்தம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்.

"வடிவாத்தான் இருக்கிறாய். கொம்மா உன்னைக் குறையில்லாமல் வைச்சிருக்கிறா."

சொல்லிக்கொண்டே, ஒட்டியிருந்த உறையைத் திரும்பப் பிரித்தார். இன்னும் காசு வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது அதே ஒழுங்கையில் கிழிசலை மேலே போட்டுக்கொண்டேன். வீட்டில் அம்மா காசை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னத்தை உடுத்துக்கொண்டு போனனீ?"

கிழிசலைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே இருந்த நீலத்தைக் காட்டினேன்.

அம்மா அடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், இரவுச் சோற்றுக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் ஒரு கை அள்ளித் திரும்ப அரிசிப் பானைக்குள் போட்டார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அப்பா என்ன சொன்னவர் என்று கேட்பார், கேட்பார் என்று விளக்கு வைக்கும்வரை அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன்.